தெரியாதது இரண்டு... சேதியும் இரண்டு!



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டல் இருக்கும். நடுவில் இவன் யாரடா கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்கள். அரியர் வைத்தவன் சொல்கிற பேச்சு இது. சென்டம் வாங்கினவன் சொல்வதைவிட உங்களுக்கு இது உபயோகப்படலாம்.

ஆமாம், உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருஷத்தில் எனக்கு இரண்டு அரியர். ஒன்று கணக்கு, இன்னொன்று பிசிக்ஸ். இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். சமன்பாட்டைக் கையில் கொடுத்துவிட்டால் எப்படியாவது தீர்த்துவிடுவேன். ஆனால் 'ஒரு வியாபாரி...' என்றோ, 'ஒரு பாரம் இரண்டு கயிறுகளில்...' என்றோ வாக்கியமாக ஆரம்பித்தால் போதும், எனக்குக் கண்ணைக் கட்டிவிடும். பத்தாவது படிக்கும்போதே அந்தக் கேள்விகளை எல்லாம் சாய்ஸில் விட்டே பழகியவன் நான். பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே பாதிக் கேள்வி வாக்கியக் கணக்குதான், சாய்ஸில் விட முடியாது என்று!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க அண்ணன், அக்கா கிடையாது. அப்பா மண்டியில் மூட்டை தூக்கும் லோடுமேன். கையெழுத்து மட்டும் போடுவார். அவரிடம் அரியர் என்றால் என்னவென்று விளக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. 'பாஸாப்பா?' என்று கேட்டார். 'உம்' என்று சொல்லிவிட்டேன். அந்த 'உம்' ஆறு மாதம் என் தொண்டையிலேயே இருந்தது.

அப்பா போட்ட ஆட்டுக் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திண்ணையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். பழைய கணக்கு ஒன்று: 'ஒரு தொழுவத்தில் ஆடுகளும் கோழிகளும் இருக்கின்றன. தலைகளை எண்ணினால் 20. கால்களை எண்ணினால் 56. ஆடு எத்தனை? கோழி எத்தனை?' நான் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பா காதில் விழுந்தது.

'ஆடு எட்டு, கோழி பன்னெண்டு' என்றார். நான் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை!

'எப்படிப்பா?' என்றேன்.

'இருவதையும் கோழின்னே வெச்சுக்க. நாப்பது காலுதான் வரும். ஆனா அம்பத்தாறு இருக்குன்றான். பதினாறு கால் மிச்சம். ஒரு கோழிய எடுத்துட்டு ஒரு ஆட்ட விட்டா ரெண்டு கால் கூடும். பதினாற ரெண்டால வகுத்தா எட்டு. இதுல என்னடா இருக்கு? மண்டியில சின்ன மூட்டை, பெரிய மூட்டை கணக்கு நாங்க தெனம் இப்படித்தான் பாக்குறோம்.'

நான் என் நோட்டைப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ஆட்டுக்கு 'ஆ' என்றும் கோழிக்கு 'கோ' என்றும் வைத்து, ஆ = 4, கோ = 2 என்று எழுதியிருந்தேன். ஆட்டுக்கு நாலு கால், கோழிக்கு இரண்டு கால் என்பதால் அப்படி! அடுத்த வரி ஆ + கோ = 20. அதாவது நாலும் இரண்டும் இருபது! இந்த லட்சணத்தில் நான் டிப்ளமோ படிக்கிறவன்.

மறுநாள் கணக்கு சாரிடம் அந்த நோட்டை அப்படியே காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. 'ஆ என்று எழுதினாயே, அது என்ன?' என்று கேட்டார். 'ஆடு சார்' என்றேன். 'ஆட்டை எப்படிப்பா கூட்டுவாய்? எண்ணைத்தான் கூட்ட முடியும்' என்றார். எனக்கு விளக்கு எரிந்தது அந்த இடத்தில்தான்.

எழுத்து என்றால் பொருள் அல்ல, எண்!

இதுதான் முதல் பாடம் நண்பர்களே. சமன்பாட்டில் வரும் எழுத்து ஆடும் இல்லை, கோழியும் இல்லை. அது ஆடுகளின் எண்ணிக்கை. இன்னும் தெரியாத ஓர் எண். பொருளின் முதல் எழுத்தையே வைத்தால் மனசு பொருளையே நினைக்கும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அ, இ என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

அ = ஆடுகளின் எண்ணிக்கை
இ = கோழிகளின் எண்ணிக்கை

தலை எண்ணிய சேதி: அ + இ = 20
கால் எண்ணிய சேதி: 4அ + 2இ = 56

இப்போது அப்பா செய்ததைப் பாருங்கள். 'எல்லாம் கோழி' என்று வைத்தார். அது முதல் சமன்பாட்டை 2-ஆல் பெருக்கியதற்குச் சமம்: 2அ + 2இ = 40. இரண்டாவதிலிருந்து இதைக் கழித்தால் 2அ = 16. ஆகவே அ = 8, இ = 12. அவர் சொன்ன 'மிச்சப் பதினாறு கால்' இந்த 16-தான். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனுஷன், நாம் 'நீக்கல் முறை' என்று படிப்பதை வெற்றிலை மடிக்கிற நேரத்தில் செய்துவிட்டார்!

எழுத்தைப் பொருளாக நினைக்கிற தப்பு எனக்கு மட்டும் வந்ததில்லை என்றும் சார் சொன்னார். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் கிளமென்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் முதல் வருஷ இன்ஜினீயரிங் மாணவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். 'இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுது.' அவ்வளவுதான் கேள்வி. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தப்பாக எழுதினார்கள்!

நீங்களும் எழுதிப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை அ, பேராசிரியர் எண்ணிக்கை இ. பலரும் எழுதுவது 6அ = இ. ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்று மனசில் படம் வருகிறது, அதை அப்படியே எழுதிவிடுகிறோம். சரியா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர். 6அ = இ என்பதில் போடுங்கள்: 360 = 10. சிரிப்பு வருகிறதா? சரியானது அ = 6இ. அதாவது 60 = 6 × 10. எந்தச் சமன்பாடு எழுதினாலும் இப்படித் தெரிந்த எண் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அரை நிமிஷ வேலை, அஞ்சு மார்க் மிஞ்சும்.

பழைய ஆட்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். 1114-ல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் தன் பீஜகணித நூலில் முதல் தெரியாத எண்ணுக்கு 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்படும் சொல்லை வைத்தார். அடுத்தடுத்தவற்றுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்! 'எவ்வளவோ' என்று பெயர் வைத்துவிட்டால் அதை யாராவது ஆடு என்று நினைப்பார்களா?

சமன்பாடு எங்கே ஒளிந்திருக்கிறது?

எழுத்து வைத்தாயிற்று. அடுத்து சமன்பாடு. 'சமம்' என்ற வார்த்தையைக் கணக்கில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வேறு வேஷத்தில் இருக்கும். 'மொத்தம்', 'ஆகும்', 'கிடைத்தது', 'விலை', 'இருந்தன' என்று வரும் இடங்களில் எல்லாம் உள்ளே ஒரு சமக்குறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சம கோடுகளைச் சமக்குறியாக 1557-ல் முதன்முதலில் அச்சில் போட்டவர் ராபர்ட் ரெக்கார்ட். 'சமம், சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனதால்தான் அந்தக் குறியை வைத்தாராம். அந்தக் கோடுகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜாதிப் பண்டம் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் ரூபாய் என்றால் அந்தப் பக்கமும் ரூபாய். இந்தப் பக்கம் கால் என்றால் அந்தப் பக்கமும் கால். கால் = தலை என்று வந்தால் எங்கேயோ கோளாறு.

நம் தமிழ் வாக்கியத்தில் மாட்டிவிடுகிற இடங்கள் சில உண்டு. நான் விழுந்து எழுந்த குழிகள் இவை:

1. 'அ-வை விட இ 5 அதிகம்.' அவசரத்தில் அ = இ + 5 என்று எழுதிவிடுவோம், ஏனென்றால் வாக்கியத்தில் அ-தான் முதலில் வருகிறது. யார் பெரியவர் என்று ஒரு நொடி யோசியுங்கள். பெரியவர் இ. ஆகவே இ = அ + 5.

2. 'அ-வைப் போல் 3 மடங்கு இ.' மறுபடியும் பெரியவர் இ. ஆகவே இ = 3அ.

3. 'இரண்டின் கூடுதலைப் போல் 2 மடங்கு.' முதலில் கூட்டு, பிறகு பெருக்கு: 2(அ + இ). அடைப்புக்குறியை விட்டால் கணக்கே போச்சு.

4. 'இத்தனை வருஷம் கழித்து...' வயசு ஏறுவது ஒருவருக்கு மட்டும் இல்லை, இருவருக்கும்!

நாலாவதுக்கு என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். '9 வருஷத்துக்கு முன் அப்பாவின் வயது என் வயதைப் போல் 4 மடங்கு. இன்னும் 9 வருஷம் கழித்து என் வயதைப் போல் 2 மடங்காக இருக்கும். இப்போது எங்கள் வயது என்ன?'

அ = என் இப்போதைய வயது
இ = அப்பாவின் இப்போதைய வயது

முன் இருந்த சேதி: இ − 9 = 4(அ − 9)
இனி வரும் சேதி: இ + 9 = 2(அ + 9)

முதலாவதை விரித்தால் இ = 4அ − 27. இரண்டாவதை விரித்தால் இ = 2அ + 9. இரண்டும் அதே இ-தானே? ஆகவே 4அ − 27 = 2அ + 9, அதாவது 2அ = 36. எனக்கு 18, அப்பாவுக்கு 45. சரிபார்க்கலாமா? 9 வருஷம் முன் எனக்கு 9, அவருக்கு 36. சரி. 9 வருஷம் கழித்து எனக்கு 27, அவருக்கு 54. சரி. அப்போதும் அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பது இந்தச் சமன்பாட்டில் வராத சேதி.

நாரத்தையும் விளாம்பழமும்

இந்த மாதிரிக் கணக்கெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கி.பி. 850 வாக்கில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் இருந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் 'கணித சார சங்கிரகம்' என்று ஒரு நூல் எழுதினார். நம் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1912-ல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியானது. அதில் ஒரு பழக் கணக்கு. எலுமிச்சை இனத்துப் பழம் ஒன்று. நாம் நாரத்தை என்று வைத்துக்கொள்வோம். 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் சேர்த்து விலை 107. 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் சேர்த்து விலை 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

அ = ஒரு நாரத்தையின் விலை, இ = ஒரு விளாம்பழத்தின் விலை.

9அ + 7இ = 107
7அ + 9இ = 101

9-ஆல் பெருக்கி 7-ஆல் பெருக்கி மல்லுக்கட்ட வேண்டாம். சும்மா கூட்டுங்கள்: 16அ + 16இ = 208. அப்படியென்றால் அ + இ = 13. சும்மா கழியுங்கள்: 2அ − 2இ = 6. அப்படியென்றால் அ − இ = 3. கூடுதல் 13, வித்தியாசம் 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. எண்கள் இடம் மாறி வரும் கணக்கில் எல்லாம் இந்தக் குறுக்கு வழி செல்லும்.

ஒன்று கவனியுங்கள். ஆட்டுக் கணக்கில் ஒரு ஆட்டுக்கு எத்தனை கால் என்று தெரியும், எண்ணிக்கைதான் தெரியாது. இங்கே எண்ணிக்கை தெரியும், விலைதான் தெரியாது. அப்பாவின் 'எல்லாம் கோழி' வழி இங்கே நேரடியாக ஓடாது. இங்கேதான் நாம் படித்த படிப்பு வேலைக்கு வருகிறது.

சேதி இரண்டும் நிஜமாகவே இரண்டா?

தெரியாதது இரண்டு என்றால் சேதியும் இரண்டு வேண்டும். ஆனால் இரண்டு வாக்கியம் இருந்தால் இரண்டு சேதி என்று அர்த்தம் இல்லை. நம் கேன்டீனுக்கு வாருங்கள். நேற்று 2 டீ, 3 வடை, ரூ. 54. இன்றைக்கு 4 டீ, 6 வடை, ரூ. 108. டீ விலை என்ன? கண்டுபிடிக்கவே முடியாது! இன்றைய பில் நேற்றைய பில்லின் இரண்டு மடங்கு, புதுசாக எதுவும் சொல்லவில்லை. டீ 12, வடை 10 என்றாலும் சரிவரும். டீ 15, வடை 8 என்றாலும் சரிவரும்.

டிடர்மினன்ட் பாடத்தில் கிராமர் விதி படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? காப்ரியேல் கிராமர் 1750-ல் வெளியிட்டது. கீழே வரும் டிடர்மினன்ட் பூஜ்யம் என்றால் விதி செல்லாது என்று மனப்பாடம் பண்ணினோம். ஏன் என்று இப்போது பாருங்கள்: 2 × 6 − 3 × 4 = 0. சேதி இரண்டு இல்லை, ஒன்றுதான் என்று அந்தப் பூஜ்யம் சொல்கிறது. இன்றைய பில் 108-க்குப் பதில் 100 என்று இருந்தால்? டிடர்மினன்ட் அப்போதும் பூஜ்யம், ஆனால் இரண்டு பில்லும் ஒன்றை ஒன்று மறுக்கின்றன. கணக்கில் தப்பில்லை. கேன்டீன் அண்ணன் 8 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருக்கிறார் என்று பொருள். (அப்படி ஒரு நாள் வரட்டும், இன்னொரு கட்டுரை எழுதுகிறேன்!)

நம் பிசிக்ஸிலும் இதே கதைதான். 2 மீட்டர் கம்பில் 80 கிலோ மோட்டார் ஒன்றைத் தொங்கவிட்டு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோளில் தூக்குகிறார்கள். மோட்டார் முன்னவரிடமிருந்து அரை மீட்டரில் தொங்குகிறது. யார் தோளில் எவ்வளவு? முன்னவர் தோளில் அ கிலோ, பின்னவர் தோளில் இ கிலோ. எடைச் சேதி: அ + இ = 80. திருப்புத்திறன் சேதி, முன்னவர் தோளிலிருந்து அளந்தால்: 2 × இ = 0.5 × 80 = 40. ஆகவே இ = 20, அ = 60. முன்னால் போகிறவர் மூன்று மடங்கு சுமக்கிறார்! புத்தகத்தில் 'பீம்', 'ரியாக்‌ஷன்' என்று பயமுறுத்துவது இதைத்தான்.

மண்டிச் சீட்டு

இப்போது கடைசிக் கணக்கு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பாவின் செட்டில் நாலு பேர். லாரி லோடு இறக்கினால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. 50 கிலோ சின்ன மூட்டைக்கு ரூ. 7, 75 கிலோ பெரிய மூட்டைக்கு ரூ. 11 என்று இருந்தது. பொங்கலுக்குப் பிறகு 'கூலியை ஏத்திட்டோம்' என்று சொன்னார்கள். எதற்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்று சொல்லவில்லை. லோடு முடிந்ததும் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து ஒரு சீட்டில் மூட்டைக் கணக்கை மட்டும் எழுதித் தருவார்களாம். கேட்டால் 'ஏத்தித்தானே குடுத்திருக்கு?' என்பார்களாம். பணம் கூடியிருப்பது உண்மை. அதனால் மேலே கேட்க வாய் வரவில்லை.

அப்பா சீட்டுகளை அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். அதில் இரண்டை எடுத்தேன்.

முதல் சீட்டு: சின்னது 90, பெரியது 40, கூலி ரூ. 1,160.
இரண்டாம் சீட்டு: சின்னது 60, பெரியது 70, கூலி ரூ. 1,250.

அ = ஒரு சின்ன மூட்டைக்குக் கூலி, ரூபாயில்
இ = ஒரு பெரிய மூட்டைக்குக் கூலி, ரூபாயில்

90அ + 40இ = 1160
60அ + 70இ = 1250

இரண்டையும் 10-ஆல் வகுத்தால் எண் சின்னதாகும்:

9அ + 4இ = 116
6அ + 7இ = 125

முதலாவதை 2-ஆல் பெருக்க 18அ + 8இ = 232. இரண்டாவதை 3-ஆல் பெருக்க 18அ + 21இ = 375. கழித்தால் 13இ = 143. ஆகவே இ = 11. அதைப் போட்டால் 9அ = 72, அ = 8.

எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சின்ன மூட்டைக்கு 7 ரூபாய் 8 ஆகியிருக்கிறது. பெரிய மூட்டைக்கு அதே பழைய 11. ஒரு பைசா ஏறவில்லை.

அவசரப்படக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கில் நான் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரு அனுமானம் இருக்கிறது: இரண்டு லோடுக்கும் ஒரே ரேட். அது உண்மையா? மூன்றாவது சீட்டை எடுத்தேன். சின்னது 75, பெரியது 50, கூலி ரூ. 1,150. போட்டுப் பார்த்தேன்: 75 × 8 = 600, 50 × 11 = 550. மொத்தம் 1,150. துளி வித்தியாசம் இல்லை. விடையை நாம் எழுதிய சமன்பாட்டிலேயே போட்டுப் பார்த்தால் கூட்டல் கழித்தல் சரியா என்றுதான் தெரியும். சமன்பாடே சரியா என்று அறிய, கதைக்குத் திரும்பிப் போக வேண்டும். எனக்கு மூன்றாவது சீட்டு அந்த வேலையைச் செய்தது.

அப்புறம் ஒரு வகுத்தல் போட்டேன். சின்ன மூட்டை 50 கிலோவுக்கு 8 ரூபாய், கிலோவுக்கு 16 பைசா. அதே வீதத்தில் 75 கிலோவுக்கு 12 ரூபாய் வர வேண்டும். வருவதோ 11. முதுகை ஒடிக்கிற பெரிய மூட்டைக்குத்தான் ஒரு ரூபாய் குறைகிறது.

அப்பாவிடம் சொன்னேன். சமன்பாட்டைக் காட்டவில்லை, மூன்று சீட்டையும் தரையில் வரிசையாக வைத்து 8, 11 என்று வாயாலேயே கூட்டிக் காட்டினேன். அவர் தானும் ஒரு தடவை மனசில் கூட்டிப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, 'அதான் பெரிய மூட்டை நெறைய வர்ற அன்னிக்கு ஒடம்பு வலிக்குற அளவுக்குக் காசு வரமாட்டேங்குது' என்றார்.

மறுநாள் செட்டு மேஸ்திரியும் அப்பாவும் போய், 'பெரிய மூட்டைக்கு இன்னும் பதினோரு ரூபாயே போட்டிருக்கீங்க, பன்னெண்டு போடுங்க' என்று கேட்டிருக்கிறார்கள். 'பாக்கலாம்' என்று பதில். இந்தக் கட்டுரை எழுதும் நாள் வரை 12 ஆகவில்லை. ஆனால் முன்பெல்லாம் 'கொஞ்சம் சேத்துக் குடுங்க' என்று கேட்பார்களாம். இப்போது எந்த மூட்டைக்கு, எத்தனை ரூபாய் என்று சொல்லிக் கேட்கிறார்கள். கணக்குப்பிள்ளையும் 'ஏத்தித்தானே குடுத்திருக்கு' என்று இப்போது சொல்வதில்லையாம்.

அன்று ராத்திரிதான் அந்த 'உம்'-ஐயும் சொல்லித் தீர்த்தேன். 'அப்பா, எனக்கு ரெண்டு பேப்பர் போயிடுச்சு. அதுல ஒண்ணு கணக்கு.' அவர் என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். 'இதப் போடத் தெரியுது, அதப் போடத் தெரியாதா? மறுபடி எழுது' என்றார். எழுதினேன். கணக்கு கிளியர். பிசிக்ஸ் இன்னும் பாக்கி இருக்கிறது, இந்தத் தடவை விட மாட்டேன்.

சுருக்கமாக, ஹால் டிக்கெட் பின்னால் எழுதாமல் மனசில் எழுதிக்கொள்ள:

1. கடைசி வாக்கியத்தை முதலில் படி. என்ன கேட்கிறார்கள்?
2. தெரியாத எண்ணுக்கு எழுத்து வை. 'ஆடு' என்று எழுதாதே, 'ஆடுகளின் எண்ணிக்கை' என்று முழுசாக எழுது.
3. ஒவ்வொரு சேதிக்கும் ஒரு சமன்பாடு. இரண்டு பக்கமும் ஒரே அலகா பார்.
4. இரண்டு சேதியும் நிஜமாகவே வேறு வேறா பார்.
5. தீர்த்த பிறகு விடையைக் கதையில் போட்டுப் பார்.

பயிற்சிக்கு ஒன்று: ஈயப்பற்று வைக்கும் சால்டரில் ஒன்று 60 சதவீதம் வெள்ளீயம் உள்ளது, இன்னொன்று 40 சதவீதம் உள்ளது. இரண்டையும் கலந்து 45 சதவீதம் வெள்ளீயம் உள்ள சால்டர் 10 கிலோ வேண்டும். எது எவ்வளவு? (ஒரு சேதி மொத்த எடை, இன்னொரு சேதி வெள்ளீயத்தின் எடை. விடை: 60 சதவீதம் உள்ளது 2.5 கிலோ, மற்றது 7.5 கிலோ. விடையைப் பார்க்காமல் போட்டவர்களுக்கு என் செலவில் ஒரு டீ. விலை என்னவென்று கேன்டீன் பில்லைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளவும்!)

என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நம் வகுப்பிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாக்கியக் கணக்கு புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் நோட்டோடு சார், மேடத்திடம் போங்கள். தப்பாகப் போட்ட பக்கத்தைக் கிழிக்காமல் அப்படியே காட்டுங்கள். வீட்டில் அப்பா, அம்மாவிடமும் கணக்கை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

வரும் செமஸ்டரில் அனைவரும் ஆல் கிளியர் செய்ய வாழ்த்துகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை